கவுண்டரில் எண்ணைக் கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு,

என் தோழி திருநங்கை. போன மாதம் ஒரு மருந்தகத்தில் அவள் வரிசை எண் திரையில் தெரிந்துகொண்டிருக்கும்போதே கவுண்டரில் இருந்தவர் "மிஸ்டர்" என்று உரக்கக் கூப்பிட, சேலையில் இருந்தவளை எல்லாரும் திரும்பிப் பார்க்க, சர்க்கரை மருந்துகூட வாங்காமல் எழுந்து போய்விட்டாள். எண்ணைச் சொன்னால் போதாதா?

இங்கே சிங்கப்பூரில் 1973 முதலே பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாரும் கத்திக்குப் போவதில்லையே (செலவும் கொஞ்சமா?). அப்புறம் திருநம்பிகள் (பெண்ணென்று பதியப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்பவர்கள்): கருப்பை வாய் இருந்தால் அவர்களுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும், "பெண்களே வாருங்கள்" என்ற சுவரொட்டியைப் பார்த்து எந்த திருநம்பி உள்ளே வருவார்?

உடலில் என்ன இருக்கிறதென்று டாக்டருக்குத் தெரியணும், சரி. அதை அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கட்டும்.

வாசகி, ஈசூன்