கரட்டைக் காடாக்கிய ஸ்கேனரும் ஒரு சின்ன மொழி மாதிரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி கோடிகளில் புரளும் நிறுவனங்களுக்கே ஆகும் என்று உங்கள் ஞாயிறு பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாதி உண்மை. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற பெரிய மொழி மாதிரியில், பழகும்போது மாறிக்கொள்ளும் எடை எண்கள் 17,500 கோடி. அதை வீட்டில் வைத்துப் பழக்க முடியாதுதான். என்னிடம் இருக்கும் சின்ன மாதிரியில் சுமார் 8 லட்சம், நான்கே அடுக்கு. மகள் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கழித்த மடிக்கணினியில் ஓடுகிறது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை 2017இல் அறிமுகமான, டிரான்ஸ்ஃபார்மர் என்ற அதே நரம்பு வலை அமைப்பு.

என் மாமனார் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கதைகளைத் தொகுத்து அறுபதுகளில் அச்சிட்ட சிறு நூல் ஒன்று உண்டு. அதை ஸ்கேன் செய்து எழுத்தாக்கினேன். மென்பொருளுக்குக் காலும் ரகரமும் ஒன்றாகவே தெரிந்தன. 'வந்தான்' என்பது 'வந்தரன்' ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பிடித்துவிடும். 'காடு' 'கரடு' ஆனாலோ, 'கரடு' 'காடு' ஆனாலோ? எங்கள் பக்கம் பாறையும் முள்ளுமாகக் கிடக்கும் மேட்டைக் கரடு என்போம். இரண்டும் நல்ல சொற்கள் என்பதால் பிழைதிருத்தி வாயே திறக்காது.

சின்ன மாதிரி இங்கேதான் கைகொடுத்தது. முன்னால் உள்ள 64 குறிகளை (எழுத்து, கால், புள்ளி போன்றவை) பார்த்து, அடுத்து எது வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. ககரத்துக்குப் பின் காலா, ரகரமா? அது எதிர்பாராத குறி வந்த இடங்களைச் சிவப்பில் காட்டச் செய்தேன். அச்சுப் பிரதியைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னது நான்.

முதலில் ஒரே நூலைக் கொடுத்துப் பழக்கினேன், நெட்டுருப் போட்டுவிட்டது. படித்த பக்கங்களில் சூரப்புலி, தேர்வுக்கென்று ஒதுக்கிய பக்கங்களில் திருதிரு. வகுப்பறையில் நான் பார்க்காத மாணவனா? பிறகு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து உரைநடை நூல்களை இறக்கிச் சேர்த்ததும் தேறியது. இடையில் ஓரிரவு தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, மடிக்கணினிக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மரும் படுத்துவிட்டது. அவ்வப்போது சேமிக்காதது என் தவறு.

கைப்பேசியில் பெரிய உரையாடல் செயலி ஒன்றிடமும் கொடுத்துப் பார்த்தேன். நொடியில் திருத்தியது. கூடவே கரட்டையெல்லாம் 'குன்று' ஆக்கி, மாமனாரின் பேச்சையே மாற்றிவிட்டது. மறுநாள் கேட்டால் வேறு திருத்தம். இதை எந்த ஆய்வேட்டில் காட்டுவது? என்னுடையது எதையும் திருத்தி எழுதாது. அதே பக்கத்துக்கு நாளையும் அதே வாய்ப்புக் கணக்குதான். சரியான கரடுகளையும் அது சந்தேகப்பட்டது. பழகிய நூல்களில் அச்சொல் அரிது. அப்படி வீணாகச் சிவந்த சொற்களைத் தனியே எழுதிவைத்தேன். பெரும்பாலும் அவை எங்கள் வட்டாரச் சொற்கள். நான் தேடாமல் கிடைத்த ஆய்வுப் பொருள்!

தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரித் தமிழ்த் துறைகள் ஆய்வு மாணவர்களுக்கு இதைப் பழக்கலாம். ஊர் வரலாறு, விழா மலர் போன்றவற்றைப் படங்களாக மட்டும் இணையத்தில் ஏற்றுவோர், எழுத்துக் கோப்பையும் சேர்த்துத் தந்தால் பேருதவி.

இடம் போதாவிட்டால் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கரட்டை மட்டும் குன்றாக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.