நாலரை அங்குலத்துக்கு ஒரு நன்றி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தின் காலை நடைக் கூட்டாளிகளுக்கும், என் பழைய மாணவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், எல்லாருக்கும் மேலாக நாங்கள் நடை முடிந்து வந்து நிற்கும் டீக்கடை அண்ணாச்சிக்கும் வணக்கம்.

இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்த ஆபரேஷனுக்குப் பிறகான மூன்றாம் மாதப் பரிசோதனை நேற்று முடிந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இனிமேல் கம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடம் இடது காலை இழுத்து இழுத்து நடந்தபோது, கண்டும் காணாததுபோல் என் வேகத்துக்கு உங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் நீங்கள். ஆகவே பழைய கதையை விட்டுவிடுகிறேன்.

மொத்தமாகச் சொல்ல வேண்டிய நன்றிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் கொடுத்த இரண்டு மாணவர்களுக்கு நன்றி. இருவரையும் ஒரு காலத்தில் வெயிலில் பத்து ரவுண்டு ஓடவிட்டுத் தண்டித்திருக்கிறேன்; மனதில் வைத்துக்கொள்ளாத நல்ல பிள்ளைகள். வாக்கரை இரவல் கொடுத்ததோடு நில்லாமல், அதன் கால்களுக்குப் புது ரப்பர் வாங்கி மாட்டித் தந்த மேல்வீட்டு அம்மாவுக்கு, இரவு இரண்டு மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்து தலையணையைச் சரிசெய்த நர்ஸ்களுக்கு, டாக்டருக்கு, எல்லாருக்கும் நன்றி. மூன்று மாதமாக என் கால் நகத்தை வெட்டிவிடும் மனைவிக்கு இங்கே நன்றி சொன்னால் திட்டு விழும். சொல்லவில்லை.

பிசியோதெரபி கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முப்பத்திரண்டு வருடம் விசில் ஊதியவனை விசில் இல்லாமலே வரிசையில் நிறுத்திவிட்டாள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இதை வாய்ப்பாடுபோல் ஒப்பிக்க வேண்டும். நோவது இடது பக்கம் என்பதால் கம்பையும் இடது கையில் பிடித்தேன். "கம்பு எதிர்க்கையில் இருக்க வேண்டும் சார். இடுப்பின் பாரத்தை அதுதான் வாங்கிக்கொள்ளும்" என்று பிடுங்கி வலது கையில் கொடுத்தாள். உடற்கல்வி ஆசிரியருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

இடையில் ஒரு மாணவன் கைபேசியில் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேயைக் காட்டினான். 2019 ஜனவரியில் இடுப்பில் ஆபரேஷன், ஜூனில் லண்டன் குயின்ஸ் கிளப்பில் இரட்டையர் கோப்பை, அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் கோப்பை. படுத்த படுக்கையில் எனக்கு ரத்தம் கொதித்தது. டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். "அவருக்கு அப்போது வயது 31. அவருக்கு எலும்புத் தலையை வெட்டாமல் மேலே உலோக உறை போட்டார்கள். உங்களுக்குத் தலையையே எடுத்துவிட்டுத் தொடை எலும்புக்குள் டைட்டானியம் தண்டு இறக்கியிருக்கிறோம். வாலிபால் வேண்டாம், நடங்கள்" என்றார். நடக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு ஆரம்ப வாரங்களில் எமன் உயரமான இடத்தில் இல்லை, தாழ்வான இடத்தில்தான் இருக்கிறான். தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுக்கக் கூடாது. உட்காரும் இடம் முட்டி உயரத்துக்குக் குறைந்தால் இடுப்பு அதிகமாக மடங்கும். வெட்டிய சதை ஆறுவதற்குள் அப்படி மடங்கினால் புது மூட்டின் பந்து அதன் கிண்ணத்தைவிட்டு நழுவிவிடலாம். அதற்குப் பயந்து கல்யாணப் பந்தி, ஆட்டோ, கோயில் திண்ணை எல்லாவற்றையும் ஒதுக்கியிருந்தேன். டீக்கடை பெஞ்சு என் நினைவிலேயே இல்லை.

ஆறு வாரம் கழித்து, பங்குனியில், கம்போடு மைதானத்துக்கு வந்தேன். அரை ரவுண்டு நடந்துவிட்டு எல்லாரோடும் டீ குடிக்கப் போனபோதுதான் பெஞ்சைப் பார்த்தேன். வருடக்கணக்காக ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் கால்கள் மண்ணில் புதைந்திருந்தன. தூணில் சாய்ந்து நின்றபடியே குடித்தேன். "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று நீங்கள் அத்தனை பேரும் சொன்னீர்கள். "நிற்பதும் ஒரு பயிற்சிதான்" என்று புளுகினேன். கேட்டிருந்தால் எங்கிருந்தாவது ஒரு நாற்காலி வந்திருக்கும். ஆனால் வாத்தியாராக இருந்த காலம் முழுக்க மைதானத்தில் உட்காராதவன் நான். உட்கார்ந்த பையன்களை எழுப்பி விரட்டியவன். நாற்காலி கேட்க வாய் வரவில்லை. மூன்று நாள் இப்படி நின்றேன். மூன்றாம் நாள் இடுப்பு விண்விண் என்று தெறித்தது. நாளையிலிருந்து டீ வேண்டாம், நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

நாலாம் நாள் பெஞ்சு வளர்ந்திருந்தது.

ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல். படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் சிமெண்ட் பூசி, செங்கல்லுக்கும் மரக்காலுக்கும் நடுவே பழைய சைக்கிள் டயரை வெட்டிச் செருகியிருந்தது. உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுக்கு வெளியே எங்கும் உட்காராதவன், கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற தாசில்தார் கொஞ்சம் குள்ளம். ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, பெஞ்சைப் பரணில் ஏற்றிவிட்டீர்கள்?" என்று கேட்டார்.

"மழைத் தண்ணீர் காலில் படக் கூடாது பாருங்கள்" என்றார் அண்ணாச்சி.

பங்குனி வெயிலில், மழைத் தண்ணீர்!

எல்லாரும் சிரித்தீர்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. சார்வாளுக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாளிலிருந்து எனக்கு அந்தப் பெஞ்சு முள்ளாகக் குத்தியிருக்கும்.

எனக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து, நான் சாய்ந்து நின்ற அந்தத் தூணைப் பார்த்தேன். சுண்ணாம்பின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கரிக்கோடு. பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியாக என் முட்டி உயரம். பெஞ்சுப் பலகையின் மட்டமும் அதுதான். அங்கே டீ குடிக்க வரும் கொத்தனார் பிறகு மீதியைச் சொன்னார். முதலில் செங்கல்லைப் படுக்க வைத்துப் பார்த்தார்களாம். மூன்று அங்குலம், கோட்டுக்கு எட்டவில்லை. நிறுத்தி வைத்தால் நாலரை. கடை அடைத்த பிறகு இரவு பத்து மணிக்கு மேல், டார்ச் வெளிச்சத்தில் நடந்த வேலை இது.

உயரம் தாண்டும் கம்பத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றியே வேலைபார்த்தவன் நான். வருடா வருடம் பையன்களைச் சுவரோடு நிறுத்திச் சாக்பீஸால் கோடு போட்டு உயரம் எடுத்திருக்கிறேன். நான் நிற்கும்போது எனக்குத் தெரியாமல் என்னை ஒருவர் அளந்திருக்கிறார், அதுவும் பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு.

அந்தக் கோட்டைப் பார்த்த அன்று ஒரு பையனின் நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. விளையாட்டு வகுப்பு என்றால் ஓரமாகப் போய் நிற்பான், "ஸ்கோர் எழுதுகிறேன் சார்" என்பான். நிற்கும்போது வலது காலை லேசாகத் தூக்கியே வைத்திருப்பான். சோம்பேறி என்று வைதேன், ஓடவிட்டேன். கால் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் ஏன் சொல்லவில்லை என்பது அந்தத் தூணில் சாய்ந்து நின்ற மூன்று நாளில் எனக்கு விளங்கியது. தம்பி, இது உன் கண்ணில் பட்டால் என்னை மன்னித்துவிடு.

ஜூனில் பள்ளி திறந்ததும், மாலை நேரத்தில் பையன்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். குதிப்பதெல்லாம் அவர்கள் பாடு. விசில் என்னிடம் இருக்கும். ஓரமாக நிற்கிறவனை இனி அதட்ட மாட்டேன். எந்தக் காலை ஊன்றி நிற்கிறான் என்று முதலில் பார்ப்பேன்.

அண்ணாச்சி, உங்களிடம் நேரில் நன்றி சொல்ல ஒரு தடவை வாயெடுத்தேன். "சீனி போதுமா சார்வாள்?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் ஒன்றும் சொல்ல வேண்டாம், வழக்கம்போல் ஆற்றிக் கொடுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் வந்தேன். வந்து உட்காரவும் கோடை மழை பிடித்துக்கொண்டது. அக்கினி நட்சத்திரத்தின் நடுவே அப்படி ஒரு மழை. மைதானத்துப் பக்கமிருந்து செம்மண் கலந்த தண்ணீர் ஓடி வந்து, செங்கற்களைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. நாங்கள் ஐந்து பேர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் செருப்பும் நனையவில்லை.

தாசில்தார் குனிந்து பார்த்தார். "அட, அண்ணாச்சி அன்றைக்கே சொன்னாரே!" என்றார்.

அண்ணாச்சி பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.