ராத்திரியில் ஊமையாகிவிடும் உங்கள் வெதர் ரேடியோ பற்றிய புகார்

பெறுநர்: தலைமைப் பொறுப்பாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின்சாரம் போய் வந்தால் கவுன்ட்டி எண் அழிந்துபோவது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். மரியாதையாகவே எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உங்கள் ஆட்கள் என்னைப் பிரிவு பிரிவாக அலையவிட்டதில் பொறுமை அநேகமாகத் தீர்ந்துவிட்டது.

உங்கள் ரேடியோவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வானிலை ஆபத்து வந்தால் தானாக அலறி எழுப்ப வேண்டிய பெட்டி அது. எந்த கவுன்ட்டிக்கு, அதாவது மாநிலத்துக்குள் எந்த மாவட்டத்துக்கு, அலற வேண்டும் என்பதை அதில் பதித்த ஆறு இலக்க எண்தான் சொல்கிறது. பேட்டரி புத்தம் புதிது. இருந்தும் கரன்ட் போய் வந்தால், அந்த எண் இருந்த இடத்தில் வெறும் கோடுகள்தான் தெரிகின்றன. எந்த கவுன்ட்டிக்கு அலற வேண்டும் என்பதே மறந்துபோன பிறகு அது எப்படி அலறும்? பச்சை விளக்கு மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோல எரிகிறது. தூக்கக் கலக்கத்தில் அந்த விளக்கைப் பார்ப்பவன் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துவிடுவான். எனக்கு ஆத்திரமே அந்த விளக்கின் மேல்தான்.

எங்கள் பகுதிக்கு டொர்னாடோ வார்னிங், அதாவது சுழல்காற்று வந்துவிட்டது, உடனே ஒதுங்குங்கள் என்ற எச்சரிக்கை, வந்த ராத்திரி நடந்ததும் அதுதான். முன்னிரவு இடியில் கரன்ட் போய் வந்தது. நடுராத்திரிக்குப் பிறகு வார்னிங் வந்தபோது ரேடியோ வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மழையில் ஓடிவந்து கதவை உடைப்பதுபோலத் தட்டினார். குழந்தைகளை வாரிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குள் புகுந்தோம். சைக்கிள் ஹெல்மெட்டைப் பெரியவளுக்கு மாட்டும்போது என் கை நடுங்கியதில் கொக்கியே விழவில்லை. அவர் தட்டியிருக்காவிட்டால்?

அப்புறம் உங்கள் மேற்பார்வையாளர். அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "டொர்னாடோ உங்க வீட்டு மேல வரலையே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார், அது போனில் தெளிவாகக் கேட்டது.

நான் டென்னசியில் புட்னம் கவுன்ட்டியில் இருக்கிறேன். 2020 மார்ச் 3 அன்று, அதிகாலை இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஊரே தூங்கிக்கொண்டிருந்தபோது, இதே கவுன்ட்டியில் 19 பேர் செத்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் நாஷ்வில்லைத் தாக்கிய அதே புயல்மேகம்தான் கிழக்கே நகர்ந்து இங்கே வந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் ரேடியோவை வாங்கினேன். என்ன நஷ்டம் என்று எங்கள் ஊரில் வந்து கேட்கச் சொல்லுங்கள் அவரை.

அவர் அதோடும் நிற்கவில்லை. ஊரில் சைரன் இருக்குமே என்றார். அந்த சைரன்கள் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தவை. கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசி ஓட, மழை கூரையில் அடிக்க, தூங்குகிறவன் காதில் விழும் என்று நம்ப முடியாது. செல்போன் இருக்கிறதே என்றார். இருக்கிறது, எச்சரிக்கையும் வரும். போன் அணைந்திருந்தால்? டவர் விழுந்துவிட்டால்? எழுப்புவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும் என்றுதானே வானிலைத் துறையே சொல்கிறது! ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றழுத்தம் சமமாகி வீடு தப்பிக்கும் என்றும் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பழைய கட்டுக்கதையை நம்பி ஒருவர் ஜன்னல் பக்கம் போனால், பறந்து வரும் கண்ணாடிக்கும் கட்டைக்கும் முன்னால் போய் நிற்கிறார் என்று பொருள். வெதர் ரேடியோ விற்கும் கம்பெனியின் ஆள் இதைச் சொல்லலாமா?

பகலில் வருவதைவிட ராத்திரியில் வரும் டொர்னாடோ உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று ஆய்வு சொல்கிறது. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. மின்னல் வெட்டும் நொடியில் தெரிந்தால் உண்டு, மழைக்குள் மறைந்திருந்தால் அதுவும் இல்லை. வார்னிங் வந்தபின் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் எழுந்து, செருப்பாவது ஷூவாவது மாட்டி, கீழ்த்தளத்தின் நடு அறைக்குப் போய்த் தலையை மூட வேண்டும். மொபைல் ஹோமில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் லேசான வீட்டில், இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். வாட்ச், அதாவது டொர்னாடோ உருவாகக்கூடும் என்ற முன்னறிவிப்பு, வந்த உடனேயே, படுக்கப் போகும் முன்பே, உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். 2005 நவம்பர் 6 அதிகாலை இண்டியானாவின் எவன்ஸ்வில் பக்கம் 25 பேர் செத்தார்கள், பெரும்பாலானோர் ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பில். அதன் பிறகு 2007-இல் அந்த மாநிலம், புதிதாக நிறுவும் மொபைல் ஹோம்களில் வெதர் ரேடியோ இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. நீங்கள் விற்கும் பெட்டியின் மதிப்பு அவ்வளவு.

சர்வீஸ் சென்டர் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். நேரில் கொண்டுபோனால் மாற்றித் தருவார்கள் என்று போனில் சொன்னது உங்கள் ஆள்தான். லீவு போட்டுவிட்டு நாஷ்வில் வரை சுமார் 80 மைல் ஓட்டிப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் பையைக்கூடத் திறக்கவில்லை. "இந்த மாடலைத் தபாலில்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். தபாலில் அனுப்பினால் திரும்பி வரும்வரை வீட்டில் எது எழுப்பும்? வழக்கமாகப் புதன்கிழமை வரும் வாராந்திர சோதனைச் செய்திகூட இப்போது திரையில் வருவதில்லை. அன்றிலிருந்து மழை பெய்யும் ராத்திரியில் என் மனைவியும் நானும் முறை வைத்து விழித்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தின் உடம்பும் நிம்மதியும் கெட்டதற்கு லட்சம் டாலர் கொடுத்தாலும் ஈடாகாது.

தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அந்த மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதே மாடலை வாங்கிய எல்லாருக்கும், கரன்ட் போய் வந்தால் கவுன்ட்டி எண்ணைச் சரிபாருங்கள் என்று உடனே எழுதுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் கூட்டாட்சி அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் இந்தக் கடிதம் போகும். அதற்கு அவசியம் வராது என்று இன்னமும் நம்புகிறேன்.

ரசீதின் நகலும், கோடுகள் தெரியும் திரையின் படமும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போன் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
புட்னம் கவுன்ட்டி, டென்னசி