தாம்பரத்து நாவல் மரம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கிழக்குத் தாம்பரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மதுரை வெயிலில் அவளைக் கோவில் கோவிலாக அலைய விடாதே. பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பதை நம்பவே முடியவில்லை. இங்கே நாங்கள் சுகம். என் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, காலையில் நடக்கிறேன், மற்றபடி ஒரு குறையும் இல்லை.

இங்கே இருக்கும் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பில்டர் ஜாயின்ட் வென்ச்சர் (நிலம் உன்னுடையது, கட்டுவது அவர், பங்கு பிரித்துக்கொள்வது) பேசுகிறார், கையெழுத்துப் போடலாமா, பக்கத்தில் இருக்கிறவன் நீ சொல் என்று. ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம்தான். ஆனால் கடிதத்தை வைத்துக்கொண்டு ரெண்டு நாளாக யோசித்ததில், வீட்டைப் பற்றி மட்டும் எழுத முடியாது, ஊரைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று பட்டது. பொறுமையாகப் படி.

நேற்று சாயங்காலம் சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாசல் மகிழ மரம் நன்றாக இருக்கிறது. கொல்லையில் நாவல் மரம் முன்னைவிடப் பெருத்துவிட்டது, அடிமரத்தைக் கட்டிப்பிடித்தால் என் கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ராட்டினம் துருப்பிடித்துப் போயிருந்தாலும் சுற்றுகிறது. துவைக்கிற கல் அதே இடத்தில்தான்.

அந்தக் கல்லைப் பார்த்ததும் உங்கப்பா ஞாபகம் வந்துவிட்டது. டிபி ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்தால் அவர் வாசல் வழியாக வரவே மாட்டார். பக்கத்துச் சந்தால் சுற்றிக் கொல்லைக்கு வந்து, சட்டையையும் வேட்டியையும் கழற்றி, உங்கம்மா தயாராக வைத்திருக்கும் கொதிக்கிற வெந்நீர் அண்டாவில் போட்டுவிட்டு, கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அதுவரை நீயும் உன் தம்பியும் நாவல் மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது கட்டளை. அப்போது அது நம் தோள் உயரம்கூட இல்லாத கன்று. பிள்ளைகளுக்கு எல்லைக்கோடு போடத்தான் அந்த மனிதர் அதை நட்டாரோ என்று நேற்று தோன்றியது.

அந்த ஆஸ்பத்திரி ஏன் நம் ஊருக்கு வந்தது என்பதில்தான் இந்த ஊரின் பசுமைக்குப் பாதி விடை இருக்கிறது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அதை ஆரம்பித்தபோது காச நோய்க்கு மருந்து என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943-ல்தான். சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். இங்கிலாந்தில் இப்படி ஒரு சானடோரியம் நடத்திய அனுபவத்தோடு வந்தவர், பட்டணத்துப் புகையும் நெரிசலும் எட்டாத இடமாகத் தேடித் தாம்பரத்தைப் பிடித்தார். 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காச நோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பதற்கு ஈடாகக் குணமாகும் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது. அதற்கப்புறம் வைத்தியத்துக்கு மரம் தேவையில்லை. ஆனாலும் மரங்கள் நின்றன, ஆஸ்பத்திரியும் நின்றது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலர் பயந்த காலத்தில் அவர்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு பார்த்ததும் இதே இடம்தான். உங்கப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் 2005-ல் வந்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கெல்லாம் அங்கே கூட்டம் நிற்கிறது.

மீதிப் பாதி விடை கிறிஸ்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுனில் ஐகோர்ட்டுக்கு எதிரே இருந்த கல்லூரி, தன் நூறாவது வருஷமான 1937-ல் மொத்தமாகப் பெயர்ந்து இங்கே வந்தது. 365 ஏக்கர். அப்போது அது முள்ளும் புதரும் மண்டிய சேலையூர்க் காடு. கட்டடம் கட்ட வந்தவர்கள் அந்தக் காட்டை வழித்துப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸுக்குச் செடிகொடிகள் மீது உயிர். அவரும் அவர் மனைவியும் ஊர் ஊராக விதை கொண்டுவந்து நட்டார்கள், புதர்க்காட்டையும் விட்டுவைத்தார்கள். அதனால்தான் நமக்குக் களாக்காயும் காரைப்பழமும் சூரைப்பழமும் கிடைத்தன. கோடை லீவில் நாம் உள்ளே புகுந்து, சட்டைப் பை முழுக்க நிரப்பிக்கொண்டு, முள் கிழித்த காலோடு வீட்டுக்கு வந்து வாங்கிய அடி உனக்கு மறந்திருக்காது. புள்ளிமான்கள் இன்னும் இருக்கின்றன. போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன், ரெண்டு மான் பாதையைக் குறுக்கே கடந்து போயின, அவன் என் விரலை விடவே இல்லை.

2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பற்றி அப்போதே போனில் சொன்னேன். முழுதாகச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. கல்லூரி வளாகத்தில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து ஒன்றன் மேல் ஒன்று கிடந்தன. ஊரில் தூங்குமூஞ்சி மரங்கள்தான் அதிகம் போயின. நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற வாதா மரமும் அன்றைக்குத்தான் விழுந்தது. எங்கப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டிலிருந்து வந்ததும் நாற்காலி போட்டு உட்காரும் நிழல் அது. ஒன்று கவனித்தேன்: வேம்பும் நாவலும் புங்கனும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. உங்கள் நாவலுக்கு ஒரு கிளை முறிந்ததோடு சரி.

எங்கப்பாவைப் பற்றி எழுதினால் ரயில் வராமல் இருக்குமா. 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டிராவிட்டால் இந்த ஆஸ்பத்திரி, கல்லூரி, நம் குடும்பங்கள் எதுவுமே இங்கே இந்த அளவுக்கு வேர் பிடித்திருக்காது. பாரிமுனையில் உத்தியோகம், தாம்பரத்தில் கிணறும் தோட்டமுமாக வீடு என்று ஒரு குமாஸ்தா நினைத்துப் பார்க்க முடிந்தது அந்த ரயிலால்தான். மீட்டர் கேஜ் என்கிற குறுகிய தண்டவாளத்தில் ஓடிய பெட்டிகள் சின்னவை, எதிரெதிர் சீட்டில் முழங்கால் இடிக்கும், ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தெருவே பயணம் செய்யும். 2004 ஜூலையில் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றபோது எங்கப்பா இல்லை. நான் மட்டும் போய்ப் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த வண்டிகளின் அச்சும் பிரேக்கும் அவர் கைபட்டவை.

ஏர்ஃபோர்ஸ் மதில் பக்கமும் பசுமை அப்படியே இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954-ல் இங்கே வந்ததல்லவா, அதனால்தான் நம் பிள்ளைப் பருவம் முழுக்கத் தலைக்கு மேலே பயிற்சி விமானச் சத்தம். 2016 ஜூலையில் இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனபோது, கேம்ப் ரோடு டீக்கடைகளில் யாரும் உரக்கப் பேசவில்லை. கடலடியில் அதன் பாகங்கள் இருப்பது தெரிய 2024 ஆகிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்த குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், சுற்றிப் பார்த்தால் இன்றைக்குத் தாம்பரத்தில் பச்சையாக மிச்சமிருப்பது பெரும்பாலும் மதிலுக்குள்தான். கல்லூரி மதில், ஆஸ்பத்திரி மதில், ஏர்ஃபோர்ஸ் மதில், ரயில்வே காலனி. நம் காலத்தில் மதிலுக்கு வெளியேயும் அதே அளவுக்கு மரம் இருந்தது. வீட்டுக்கு வீடு தென்னை, மா, முருங்கை, பின்னால் ஒரு கிணறு. அந்தக் கொல்லைகளை எல்லாம் சேர்த்தால் இன்னொரு கல்லூரிக் காடே இருந்திருக்கும். அதை யாரும் ஒரே நாளில் வெட்டவில்லை. ஒவ்வொரு வீடாகக் கையெழுத்துப் போட்டோம், ஒவ்வொரு கொல்லையாகக் கார் நிறுத்தும் இடமானது. உங்கள் தெருவில் இப்போது மண் தரை உள்ள வீடு உங்களுடையதைச் சேர்த்து மூன்றுதான்.

தண்ணீர்க் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்குக் கொடுத்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும்படி பெரியவர்கள் அமைத்து வைத்திருந்தார்கள். நடுவில் கால்வாய்கள் குறுகிப்போய்விட்டன. மேற்கே முடிச்சூர்ப் பக்கம் 2015-ல் அடையாற்று வெள்ளம் வந்தபோது தெருவில் படகு விட்டார்கள். அதே முடிச்சூரில் கோடையில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கிறார்கள். சிட்லபாக்கத்தில் மட்டும் குடியிருப்போரே இறங்கி ஏரியில் குப்பை அள்ளினார்கள், ஓயாமல் மனுக் கொடுத்தார்கள், ஏரியை மீட்டார்கள். சாயங்காலம் அங்கே போனால் கரையில் காற்று வாங்க ஊரே உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் கிடைக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஊர் இப்போது மாநகராட்சி, 2021 நவம்பரிலிருந்து. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து ஒன்று. வெளியூர் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோவிலும் நம் மாநகராட்சிக்குள்தான் வருகிறது. உங்கம்மா நம்மை வயல் வரப்பில் நடத்திக் கூட்டிக்கொண்டு போன கோவில். சுந்தர சோழர் காலத்துக் கருவறை, யானை படுத்திருக்கும்போது முதுகு வளைந்திருக்குமே, அந்த வடிவத்தில் பின்புறம். தொல்லியல் துறை நன்றாக வைத்திருக்கிறது. வயல்தான் இல்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். கட்டாதே என்று நான் சொல்ல மாட்டேன். உன் மகனுக்குப் பணம் வேண்டும், பூட்டிக் கிடக்கிற வீடு ஓடு சரிந்து வீணாகிறது, எனக்குத் தெரியும். ஆனால் பில்டர் அனுப்பிய வரைபடத்தில் நாவல் மரம் நிற்கிற இடத்தில் ரெண்டு கார் பார்க்கிங் போட்டிருக்கிறது, கிணறு இருக்கும் இடத்தில் சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டி. ஒன்றரை கிரவுண்டில் (3,600 சதுர அடி) பார்க்கிங்கையும் சம்ப்பையும் முன்பக்கத்துக்கு மாற்ற முடியும். என் மருமகன் சிவில் இன்ஜினியர், அவனிடம் காட்டினேன். கட்டடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும், ஒரு சதுர அடிகூடக் குறையாது என்கிறான். கிணற்றைத் தூர்க்காமல் மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விட்டால் நிலத்தடி நீர் ஏறும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம், எப்படியும் அதற்கு ஒரு குழி தோண்டத்தான் போகிறார்கள், இருக்கிற கிணற்றையே பயன்படுத்தட்டும். மரத்தையும் கிணற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு. "பார்த்துக்கலாம் சார்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. எங்கள் தெருவில் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஒரு வேம்பை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்தார்கள்.

மருமகன் போட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அடிமரத்திலிருந்து நாலு பக்கச் சுவருக்கும் அளந்து குறித்திருக்கிறான். உன் மகனிடமும் காட்டு, அவனுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். கையெழுத்தை ஆனி மாதம் வரை தள்ளிப்போட முடியுமா என்று பார். அப்போது நாவல் பழுத்திருக்கும், தங்கச்சிக்கும் கால் தேறியிருக்கும். வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் தாம்பரத்திலேயே இறங்கிவிடலாம், எழும்பூர் வரை போக வேண்டாம். பேத்தியையும் கூட்டி வா. பில்டரை வீட்டுக்கே வரச் சொல்லி, மரத்தடியில் உட்கார வைத்தே பேசுவோம், நானும் மருமகனும் கூட இருக்கிறோம். வரும் தேதி தெரிந்தால் ஒரு போன் போடு, ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய குவார்ட்டர்ஸ்காரன்