கிராங்கின் தோல் எவ்வளவு ஆழம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டீசல் எஞ்சினைப் பிரித்தால், கிராங்கை (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ‘பத்து’, ‘இருபது’ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது பங்கு) என்று கிரைண்ட் செய்து சைஸ் இறக்கி, அதற்கேற்ற பெயாரிங் போட்டுக் கட்டுவது கொழும்பில் வழமை. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பெயாரிங் வாங்கும்போது சைஸை மட்டுமே கேட்கிறோம். அந்தக் கிராங்குக்கு எவ்வகை வன்மையேற்றம் (மேற்பரப்பைக் கடினமாக்குதல்) செய்யப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

இன்டக்‌ஷன் முறையில் (மின்தூண்டலால் சூடாக்கிக் குளிர்வித்து) வன்மையேற்றிய ஜேர்னலின், அதாவது பெயாரிங்கில் சுழலும் கிராங்குப் பகுதியின், கடினத் தோல் பெரும்பாலும் 2 மி.மீ.க்கு மேல். ‘பத்து’ இறக்கினால் விட்டத்தில் 0.25 மி.மீ., ஒரு பக்கத்தில் 0.125 மி.மீ. மட்டுமே போகும், கவலையில்லை. உருகிய உப்புத் தொட்டியில் நைட்ரைட் செய்த (மேற்பரப்பில் நைதரசனை ஊறவைத்த) கிராங்கோ வேறு. அதன் மேற்படை 10 முதல் 20 மைக்ரோன்தான் (ஒரு மைக்ரோன் மி.மீ.யின் ஆயிரத்தில் ஒரு பங்கு). முதல் கிரைண்டிங்கிலேயே முழுதும் போய்விடும். அடியிலுள்ள நைதரசன் ஊறிய பகுதியிலும் ஒரு பங்கு போகும். ஜேர்னல் சீக்கிரம் தேய்வது ஒன்று. அதைவிட மோசமானது ஓர வளைவில், அதாவது ஜேர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலையில், வரும் பாதிப்பு. அங்கே தோல் தரும் அமுக்கத் தகைப்புதான் (உலோகத்தை நெருக்கிப் பிடிக்கும் உள்விசை) வெடிப்பு தொடங்காமல் காக்கிறது. அந்த வளைவைக் கல்லால் கூராக்கியும் விட்டால், கிராங் அந்த இடத்தில்தான் உடையும்.

சோதிப்பது எளிது. கிரீஸ் இல்லாமல் துடைத்த ஜேர்னலில், 10 வீத செப்பு அமோனியம் குளோரைட்டுக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பத்து வினாடி பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் நைட்ரைட் தோல் இல்லை. இதைக் கிரைண்டிங்குக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும்.

தோல் போயிருந்தால் மறுபடி நைட்ரைட் செய்வதே வழி: சுமார் 570 பாகை செல்சியஸ், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தண்ணீரிலோ எண்ணெயிலோ திடீரெனக் குளிர்விக்கத் தேவையில்லாததால் கிராங் கோணுவது குறைவு. ஆனாலும் கிராங்கை நிமிர்த்துவதென்றால் நைட்ரைட் செய்வதற்கு முன்பே நிமிர்த்திவிடுங்கள். பின்னர் பிரஸ்ஸில் அமுக்கினால் தோல் வெடிக்கும். தொட்டிக்குள் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். வெளியே எடுத்தபின் டயல் கேஜ் வைத்து ஓட்டம் (சுற்றும்போது தெரியும் கோணல்) பார்த்து, மெல்லிய பொலிஷ் மட்டும் கொடுங்கள்.

கிரைண்ட் செய்யும்போது கூலன்ட் குறைந்தால் பழுப்பு, நீலத் திட்டுகள் வரும். அவ்விடம் சூட்டில் வன்மை குறைந்துவிட்டது. பொலிஷ் போட்டால் நிறம் மறையும், வன்மை திரும்பாது. காந்தத்தூள் சோதனையில் அங்கே நுண்வெடிப்பும் தெரியலாம்.

ஆகவே பட்டறைகள் பற்றுச்சீட்டில் சைஸோடு வன்மையேற்ற வகையையும், சொட்டுச் சோதனையின் முடிவையும் எழுதித் தரட்டும்.

வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு – 13