கம்பு எங்கே என்று கேட்கிறார் என் அத்தை

முழுதானிய வறுவல் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எங்கள் தெருமுனைக் கடைச் சரங்களில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் கம்பும் கேழ்வரகும் சோளமும் தொங்கத் தொடங்கிய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்காக, உங்களில் ஒருவர் விற்கும் கம்பு வறுவலில் ஐந்து சுவைகளையும் என் கணவர் வாங்கிவந்தார். ஐந்து எவர்சில்வர் தட்டுகளில் கொட்டி, பாக்கெட்டுகளை ஒளித்துவைத்துவிட்டு, எது எந்தச் சுவை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். புதினாவை என் மகள் முகர்ந்தே சொல்லிவிட்டாள். தக்காளியையும் மாங்காய் மிளகாயையும் மகன் மாற்றிச் சொன்னான். வாங்கிவந்தவரும் அப்படித்தான் சொன்னார். இரண்டிலும் முதலில் நாக்கில் படுவது ஒரே புளிப்புத் தூள். சீஸ் என்ற சுவையை யாராலும் அடையாளம் காண முடியவில்லை. பூண்டு மிளகு அருமை, அதை மறைக்க மாட்டேன். முதலில் காலியான தட்டு அதுதான்.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 74 வயது. விளாத்திகுளம் பக்கம் கரிசல்காட்டில் கம்பங்கதிருக்குக் குருவி விரட்டியவர், உரலில் குத்திக் கூழ் காய்ச்சியவர். ஐந்து தட்டிலும் ஒவ்வொன்று எடுத்து மென்றுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் கம்பு எங்கே இருக்கிறது?"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் ஒரு கம்பங்கதிர் படம். அதன் கீழே கட்டைவிரல் அகலத் தமிழ் எழுத்தில் 'பாரம்பரியக் கம்பு'. அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. எவ்வளவு கம்பு என்று பார்க்கத் திருப்பினார். அங்கே தமிழ் இல்லை.

கறுப்புத் தாளில் வெள்ளி நிறத்தில், எறும்பு ஊர்ந்ததைப் போல ஆங்கிலம். அதிலும் பாதி, ஒட்டிய மடிப்புக்குள். குழல்விளக்கின் கீழே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து என் மகன்தான் படித்தான்: அரிசி மாவு, மக்காச்சோள மாவு, பாமாயில், மசாலாக் கலவை, அதற்குப் பிறகு கம்பு மாவு 9 சதவீதம். எடையில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் கதிருக்குக் கிடைத்த இடம் ஐந்தாவது. அதைத் தமிழில் நான் அத்தைக்குச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை, தட்டை மட்டும் நகர்த்திவைத்தார். இரவு சாப்பாட்டின்போதுதான் சொன்னார்: "கம்பு மாவு அரைத்துப் பத்து நாளில் கசந்துவிடும். இது ஆறு மாதம் கெடாது என்றபோதே எனக்குத் தெரியும்." சூடேற்றிப் பதப்படுத்தினால் அதிக நாள் இருக்கும் என்று நான் உங்களுக்காக வாதாடினேன். 9 சதவீதத்துக்கு அவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் சட்டத்தை மீறவில்லை. படம் போட்டுப் பெருமையாகச் சொல்லும் பொருளின் விகிதத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது விதி, சொல்லியிருக்கிறீர்கள். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழிகள் உங்கள் விருப்பம் என்கிறது. அந்த விருப்பத்தையும் முன்பக்கத்தில் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். வாங்கச் சொல்லும்போது வருகிற தமிழ், கணக்குச் சொல்லும்போது மட்டும் ஏன் வருவதில்லை? நான் கேட்பது இவ்வளவுதான்: கம்பு எத்தனை சதவீதம் என்பதை, கம்பு என்று எழுதிய அதே இடத்தில், அதே அளவுத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.

உப்பையும் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு ரத்தக்கொதிப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கிறீர்கள். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும் என்பது கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 150 கிராம் பெரிய பாக்கெட் ஒன்றில் 3 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'எண்ணெயில் பொரிக்காதது' என்கிறீர்கள். பொரிக்காத பண்டத்தின் பட்டியலில் பாமாயிலுக்கு மூன்றாவது இடம். பையில் பாதி காற்று என்று ஊரே திட்டுகிறது. அது நொறுங்காமலும் சிக்கு வாடை பிடிக்காமலும் இருக்க அடைக்கும் நைட்ரஜன் என்பதால் நான் திட்டமாட்டேன். அந்தப் பையில் உள்ளதாகச் சொன்ன பொருள்களில் சொன்னபடி நிறைவாக இருந்தது அது ஒன்றுதான். அரிசிக் கஞ்சியில் ஒரு கை கம்பைத் தூவிக் கம்பங்கூழ் என்று எங்கள் ஊரில் யாராவது விற்றிருந்தால், பானையோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கம்பின் அளவைக் கூட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உங்கள் தொழில், உங்கள் கணக்கு. 9 என்றால் 9 என்றே எழுதுங்கள். முன்பக்கத்தில், தமிழில், கண்ணாடி போட்ட ஒரு கிழவி படிக்கும் அளவில். அடுத்த முறை உறை அச்சடிக்கும்போது இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

பூண்டு மிளகை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்கச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஐந்து தட்டுகளையும் கழுவியவள்