உன் மருமகனின் பெயர் பட்டியலில் இல்லை

சாட்ஸ்வர்த், டர்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

ஒன்பது மாதங்களாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதவன் இன்று தானாகவே எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால், ஏதோ வினை செய்துவிட்டு வந்திருக்கிறான் என்பது உனக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் பழையபடிதான். லெனேசியாவின் குளிரைப் பற்றி நீ எழுதியிருந்த புலம்பலை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். மற்றவை பிறகு.

அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை மாற்றிக்கொள்வது, யாரை விடுவிப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை நம் கால்பந்துக் கழகம் மூன்று பேரிடம் கொடுத்தது. அம்மூவரில் நான் ஒருவன். மற்ற இருவர் நெட்டையும் நம் பொருளாளரும் என்று சொன்னாலே, வசவு முழுவதும் என் தலையில்தான் விழும் என்பது உனக்குத் தெரியும். பதிவேட்டில் 34 பெயர்கள் இருக்கின்றன. உடையும் பயணச் செலவும் கொடுத்து எங்களால் தாங்க முடிந்தது 24 பேரை. ஒன்பது பெயர்களை ஒரே மாலையில், இரண்டு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் அடித்துவிட்டோம். பத்தாவது பெயரை அடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அது உன் அக்காள் மகனின் பெயர்.

கடிதத்தைக் கசக்கி எறிவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு.

அந்த ஒன்பது பேரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நால்வர் பயிற்சிக்கே வருவதில்லை; மூவர் வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டார்கள்; ஒருவன் ஆட்டத்தை விட நடுவரோடு வாதிடுவதையே விரும்புகிறவன். இரண்டாம் கோல்கீப்பரை விடுவித்ததில்தான் எனக்கு வருத்தம். புரட்டாசி முழுவதும் விரதம் இருந்துவிட்டு, லீக் முடிவுக்கு வரும் வாரங்களில் சரியாகக் கால் நடுங்க நிற்பான். பையனைத் திட்டவும் முடியவில்லை, பெருமாள் மீது பழி போடவும் முடியவில்லை. ஒன்பது பேருக்கும், வேறு கழகத்தில் ஆட அனுமதிக்கும் கிளியரன்ஸ் தாளில் அன்று இரவே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். உன் கிளியரன்ஸை இழுப்பறையில் பூட்டி வைத்து, இருபத்திரண்டு வயதில் உன்னை இரண்டு பருவங்கள் வேலிக்கு வெளியே நிற்க வைத்தார்களே, அதை நான் மறக்கவில்லை. வேண்டாம் என்று விடுகிறவனை வேறு எங்கும் ஆட விடாமல் வைத்திருப்பது வெறும் வன்மம். பெரிய கழகங்கள் ஏறிட்டும் பார்க்காத ஆட்டக்காரர்களை வைத்துத்தானே நம் ஃபீனிக்ஸின் மேனிங் ரேஞ்சர்ஸ், கோர்டன் இகசுண்டின் பயிற்சியில், 1996-97இல் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பட்டத்தையே வென்றது? அன்று இரவு நீ என் காரின் கூரை மீது ஏறி ஆடியதால் விழுந்த பள்ளத்தை நான் கடைசி வரை சரிசெய்யவில்லை.

இனி உன் மருமகன். வயது 37. பதினைந்து பருவங்களாக நடுத் தடுப்பில் நிற்கிறான். அவற்றில் ஒன்பதில் தலைவன். தலையால் பந்தை எடுப்பதில் இன்றும் அவனுக்கு நிகர் இங்கே யாரும் இல்லை என்பதை நான் எவர் முன்னும் சொல்வேன். கேடு அவன் திரும்புவதில் இருக்கிறது. தன்னைத் தாண்டிப் பந்து போனால் பிடிக்க முடியாது என்று அவனுக்கே தெரியும். அதனால் பத்து அடி பின்னால் நிற்கிறான். அவன் பின்னால் நின்றால் மற்ற மூன்று தடுப்பாட்டக்காரர்களும் பின்வாங்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு கோடு உடைந்துவிடும். அவர்கள் பின்வாங்கியதும் தடுப்புக்கும் நடுக்களத்துக்கும் இடையில் ஒரு மைதானமே திறந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தை இரண்டு நடுக்களப் பையன்கள் ஓடி ஓடி அடைக்கிறார்கள். எழுபதாவது நிமிடத்தில் அவர்கள் நாக்குத் தள்ளி நிற்கிறார்கள். இந்தப் பருவத்தில் நாங்கள் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு விழுந்தவைதான். பார்க்கிறவர்கள் நடுக்களப் பையன்களைச் சோம்பேறிகள் என்கிறார்கள். கோல் விழும்போது உன் மருமகன் அருகில்கூட இருப்பதில்லை என்பதால் அவன் மீது யாரும் பழி சொல்வதில்லை; நானும் இரண்டு ஆண்டுகள் சொல்லவில்லை.

நீ மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், என் லிவர்பூல் கதை உனக்குக் கசக்கும், இருந்தாலும் கேள். 1964இலும் 1966இலும் தனக்கு லீக்கை வென்று தந்தவர்களை எங்கள் மேலாளர் பில் ஷாங்க்லியால் கைவிட முடியவில்லை. 1970 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதியில் வாட்ஃபோர்டிடம் 1-0 என்று தோற்ற பிறகுதான் அவர் கண் திறந்தது. பிறகு தலைவர் ரான் யேட்ஸ், இயன் செயின்ட் ஜான் என்று ஒவ்வொருவராக ஒதுக்கினார். 1973இல் புதிய அணி மீண்டும் லீக்கை வென்றது. ஒதுக்கியதில் எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஆனால் நியூகாசிலில் ஒரு ஆட்டத்துக்கு முன், தான் அணியில் இல்லை என்பதைச் செயின்ட் ஜான் வேறொருவர் வாயிலிருந்து தெரிந்துகொண்டார் என்று சொல்வார்கள். மூன்று வாரங்களாக என் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கதைதான்.

உங்கள் மேலாளர் ஃபெர்குசனும் 1995இல் இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் ஆகிய மூவரையும் ஒரே கோடையில் அனுப்பியபோது நீ அவரை என்னென்ன சொன்னாய் என்பதை இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொடமாட்டார். முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றதும், சின்னப் பையன்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்று எங்கள் பழைய தடுப்பாட்டக்காரர் ஆலன் ஹேன்சன் சொன்னார்; அந்தப் பையன்கள் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றார்கள். இதை நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. துள்ளாதே. அதே ஃபெர்குசன்தான் 2001இல் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாமை லாட்சியோவுக்கு விற்றுவிட்டு 35 வயது லோரான் ப்ளாங்கை வாங்கி, பிற்பாடு ஸ்டாமை விற்றது தவறு என்று தாமே ஒப்புக்கொண்டார். என்னுடையது எந்த வகை முடிவு என்பது அடுத்த பருவத்தில்தான் தெரியும்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல் வந்தது. பாட்டில்பிரஷ் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு வயதில் வெறுங்காலோடு வந்தானே ஒரு சூலுப் பையன், நீ போன தீபாவளிக்கு வந்தபோது ஆட்டம் முடியும்வரை வாயைத் திறந்தபடி பார்த்தாயே, அவனுக்கு அடுத்த மாதம் 17 முடிகிறது. ஒரு தொழில்முறைக் கழகத்தின் இளையோர் அணி அவனைக் கேட்கிறது. மாற்றாக முப்பது தாண்டிய இரண்டு ஆட்டக்காரர்களையும் இருபது பந்துகளையும் தருவார்களாம். பந்துகள் என்றதும் பொருளாளரின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பையன் போனால் ஓர் இடம் காலியாகும், அதில் தலைவனை வைத்துக்கொள்ளலாம் என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒருவேளை மயங்கியிருப்பேன். "அவன் சந்தாவும் கட்டவில்லை, நம்ம பிள்ளையும் இல்லை" என்று சேர்த்துச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் குவளை கவிழ்ந்தது. இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இல்லை என்ற, நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பான சாக்கோஸின் முழக்கத்தைச் சொல்லிக்கொண்டு, வெள்ளையர் சங்கங்கள் நீட்டிய சலுகைகளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தின் படிகளில் நம்மோடு உட்கார்ந்திருந்தவர்தான் இந்த மனிதர். ஐந்து ஆண்டுகள் நம் மைதானத்தில் வளர்ந்தவன் நம் பிள்ளை இல்லையென்றால் வேறு யார் பிள்ளை என்று கேட்டேன். நெட்டை வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையனைத் தடுக்க நான் நினைக்கவில்லை. அவன் போக வேண்டியவன். ஆனால் இரண்டு கிழவர்களுக்கும் இருபது பந்துகளுக்கும் அவனை விற்கமாட்டேன். ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஓர் ஆட்டக்காரன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது பிஃபாவின் விதி. 15 வயது வரை ஆண்டுக்கு 0.25, பிறகு ஆண்டுக்கு 0.5. எங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு 1.5 விழுக்காடு வரும். பையன் ஒருநாள் 10 லட்சம் யூரோவுக்குப் போனால் நமக்கு 15,000 யூரோ. எத்தனை பந்துகள் என்று பொருளாளரே கணக்குப் போடட்டும். இதெல்லாம் அவனுடைய பதிவுகள் ஆண்டுதோறும் ஒழுங்காக இருந்தால்தான் கிடைக்கும். திறந்து பார்த்தால் இரண்டாம் ஆண்டுப் பதிவில் அவன் பிறந்த தேதியைத் தவறாக எழுதியிருக்கிறோம். எழுதியவன் நான்தான். நாளை காலை அதைத் திருத்தக் கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போகிறேன்.

இடம் காலியாகிறதே, தலைவனை வைத்துக்கொள்ளலாமே என்று நீயும் கேட்பாய். வைத்தால் அவனை ஆட வைத்தாக வேண்டும். அவனைப் பெஞ்சில் உட்கார வைக்கும் துணிச்சல் எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை. இரண்டாவது வாரமே அவன் மைதானத்தில் நிற்பான், தடுப்புக் கோடு மறுபடியும் பத்து அடி பின்னால் போகும். அந்த 24ஆவது இடத்தை இரண்டாம் கோல்கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரும் புரட்டாசிக்குள் பெருமாளோடு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வதாக வாக்களித்திருக்கிறான்.

உன் மருமகனிடம் நானே சொல்லப்போகிறேன், வியாழக்கிழமைப் பயிற்சி முடிந்ததும், நேருக்கு நேர். பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி தர அவனைக் கேட்கும் எண்ணமும் உண்டு. ஆனால் அதை அதே மூச்சில் சொல்லமாட்டேன், எலும்புத் துண்டை வீசுவது போல் இருக்கும். ஒரு மாதம் கழித்துத்தான் கேட்பேன். அவன் என்னை மாமா என்று கூப்பிடுகிறவன் என்பதை நினைக்கும்போது வயிறு பிசைகிறது.

உன் அக்காளிடம் பேசும் வேலை உன்னுடையது. அவர் இனி எனக்கு நண்டுக் குழம்பு அனுப்பமாட்டார் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். வாசலில் நிற்கவாவது விடுவாரா என்று மட்டும் கேட்டுச் சொல். பயிற்சி வியாழன் மாலை 6 மணிக்கு முடிகிறது. இந்தக் கடிதம் அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிட்டால், 7 மணி வரை தொலைபேசியைத் தொடாதே.

உன்,
இடது கால் மட்டும் உள்ளவன்